இரும்புத் தூளைக் குப்பைக் கணக்கில் எழுதாதீர்கள்
காஞ்சிபுரத்துப் பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் பருவம் இது. உங்களில் பலர் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவீர்கள். சென்னையில் ரெடிமேடாக விற்கிற மாடல் ஒன்றை வாங்கி வருவீர்கள். ஆள் வந்தால் எரியும் விளக்கு, மண் காய்ந்தால் தானே ஓடும் மோட்டார் என்று ஏதோ ஒன்று. வைவா முடிந்ததும் அது துறை அறையின் பீரோ மேல் ஏறிவிடும். அதில் நீங்கள் கற்றதும் குறைவு, ஊருக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை.

நான் நெசவாளர் வீட்டில் பிறந்து, வார்ப்பாலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உங்களுக்கு ஒரு தலைப்புத் தரத்தான் இந்தக் கடிதம். உருக்கு வேலையில் மிஞ்சும் கழிவிலிருந்து இரும்பை மீட்பது. நிலக்கரிக்குப் பதில் மல்லாட்டைத் தோல், தேங்காய்ச் சிரட்டை, சீமைக்கருவேலங்கரி போன்ற தாவரப் பொருளைப் பயன்படுத்துவது. சூடேற்றுவதற்கு மைக்ரோவேவை வைத்துக்கொள்வது. உலகத்தில் பெரிய நிறுவனங்கள் பணம் கொட்டி முயன்ற வேலை இது. ஆனாலும் இதன் முதல் படியை உங்கள் கல்லூரிச் சோதனைக்கூடத்திலேயே ஏறிவிடலாம்.

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் இரும்புக் கழிவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். உலோகத்தைக் குப்பையில் விடாமல் மீட்கிற தொழில் நம் தெருக்களில் தலைமுறையாக நடக்கிறது. பழைய பட்டுப்புடவை வாங்கும் கடை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கடைக்காரர் முந்தானையைப் புரட்டுவார். ஜரிகை இழையொன்றை நகத்தால் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். உரைகல்லில் ஒரு இழுப்பு. பிறகு கரையையும் முந்தானையையும் மட்டும் கத்தரித்து எடை போடுவார். அந்தத் துண்டுகள் பின்னால் எரிக்கப்படும். பட்டு சாம்பலாகப் போகும், உலோகம் மிஞ்சும். அதை வெண்காரம் போட்டு மூசையில் உருக்கினால் வெள்ளியும் செம்பும் கலந்த கட்டி கிடைக்கும். சுத்திகரிப்பவர் அதை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார். கரையாமல் அடியில் தங்கும் பழுப்புத் தூள்தான் தங்கம். கரைசலில் செம்புத் தகட்டை விட்டால் வெள்ளி படிந்து இறங்கும்.

தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் தூய ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரை சதவீதம். கிலோவுக்கு 5 கிராம் தங்கத்தைக்கூட நம் ஊர் விட்டுவிடுவதில்லை. இதில் இருக்கும் பாடம் உலோகத்தின் விலையைப் பற்றியது மட்டும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதை எரித்தால் எது பிரியும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பழைய புடவையின் முழு மதிப்பும் போய்ச்சேருகிறது. தெரியாதவரோ கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

இப்போது பஸ் ஏறி ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைகளுக்கு வாருங்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் உட்காராத இளைஞர்கள் பலர் இன்று வேலை பார்ப்பது அந்தப் பக்கம்தான். ஃபோர்ஜிங் பட்டறையில் எஃகுத் துண்டு செக்கச்செவேல் என்று உலையிலிருந்து வெளியே வருகிறது, சுத்தியல் இறங்குகிறது, மேல்தோல் செதில் செதிலாகத் தெறித்து விழுகிறது. ஷிப்ட் முடிவில் கூட்டி அள்ளிப் பீப்பாயில் போடுகிறார்கள். ரோலிங் மில்களிலும் இதே கதைதான். அங்கே தண்ணீர் அடித்துக் குழியில் சேர்ப்பார்கள். இந்தச் செதிலுக்கு மில் ஸ்கேல் என்று பெயர்.

அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். நீலம் பாய்ந்த கறுப்பு. மெல்லிய தகடுகள், விரலால் அழுத்தினால் நொறுங்கும். இயந்திர எண்ணெய் பட்டிருந்தால் கை பிசுபிசுக்கும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்ளும். எடைக்கு எடை அதில் 70 சதவீதம் அளவுக்கு இரும்பு. மீதி பெரும்பாலும் ஆக்சிஜன். பெல்லாரியிலோ ஒடிசாவிலோ மலையைக் குடைந்து எடுக்கும் நல்ல தாதுவிலேயே இரும்பு 62, 64 சதவீதம்தான். அதாவது நம் பீப்பாயில் கிடப்பது தாதுவைவிடச் செறிவான பொருள். ஒருமுறை வெட்டி, ஏற்றி, உருக்கி, உருட்டி, எல்லாச் செலவும் செய்து முடித்த இரும்பு.

உருட்டும் எஃகில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை இப்படிச் செதிலாகப் போகிறது. 2023-24இல் இந்தியா உற்பத்தி செய்த கச்சா எஃகு சுமார் 14 கோடியே 40 லட்சம் டன். நூற்றுக்கு இரண்டு என்று வைத்தாலே 28 லட்சம் டன்னுக்கு மேல். இதை யாரும் ஏரியில் கொட்டிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரிகள் வாங்கிப்போகிறார்கள். பெரிய ஆலைகளில் தாதுவோடு சேர்த்து மறுபடி உலைக்கு அனுப்புகிறார்கள். சிமென்ட் ஆலைகளும் வாங்குகின்றன. ஆனால் இருபது, முப்பது சிறு பட்டறைகளில் மாதத்துக்குச் சில டன் என்று சிதறிக் கிடப்பது கழிவு விலைக்குத்தான் போகிறது. நம் மாவட்டத்தின் நிலைமை அதுதான்.

செதில் ஒன்றுதான் கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய ஆலைகளில் ஆக்சிஜன் ஊதி எஃகு செய்யும்போது ஒரு டன்னுக்கு 100 கிலோவுக்கு மேல் கசடு வரும். அதில் இரும்பு 15 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். மின்வில் உலையின் புகைக்கூண்டில் சேரும் தூசு டன்னுக்கு 10 முதல் 20 கிலோ. அதில் இரும்போடு துத்தநாகமும் ஈயமும் கலந்திருக்கும். பேரிங், கியர் செய்யும் இடங்களில் கிரைண்டிங் சேறு இருக்கிறது. அதில் எஃகுத் துகளும் சாணைக்கல் தூளும் எண்ணெயும் ஒன்றாகக் குழைந்திருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செதிலிலிருந்து இரும்பைப் பிரிப்பது என்றால் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்குவது. பாடப்புத்தகம் இதை ஒடுக்கம் என்கிறது. பிடுங்குவதற்குக் கார்பன் வேண்டும். கரியையும் செதில் தூளையும் கலந்து சூடேற்றினால், கரி ஆக்சிஜனைக் கவர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகும். அந்த வாயு அடுத்த துகளைத் தொட்டு அங்கிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகும். அது சூடான கரி மேல் பட்டால் மறுபடி மோனாக்சைடு. 900 டிகிரி செல்சியசுக்கு மேலே இந்தச் சுற்று வேகம் பிடிக்கும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். இங்கே உருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆயிரம் டிகிரிப் பக்கத்தில், கெட்டியாக இருக்கும்போதே ஆக்சைடு இரும்பாக மாறிவிடும். ஸ்பாஞ்சு இரும்பு என்று சந்தையில் விற்பது இதுவே. உலகத்திலேயே அதிகம் ஸ்பாஞ்சு இரும்பு செய்யும் நாடு இந்தியா. நம்மிடம் அதன் பெரும்பங்கு நிலக்கரியை வைத்துச் செய்யப்படுகிறது.

நிலக்கரி இல்லாமல் இரும்பா என்று சந்தேகப்பட வேண்டாம். பழங்காலத்தில் தமிழ் நிலத்தில் இரும்பு எடுத்ததெல்லாம் மரக்கரியில்தான். மதுராந்தகத்துக்கு அருகே சாணூரில் 1950களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை அகழ்ந்த பெருங்கற்காலக் கல்லறைகளில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. கள்ளக்குறிச்சிப் பக்கம் மேல்சிறுவலூரில் மூசை வைத்து எஃகு செய்த தடயங்களை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் வெளிக்கொணர்ந்தார். பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஜோசியா மார்ஷல் ஹீத், அக்காலத்து நம் கொல்லர்கள் எஃகு செய்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். மூசைக்குள் இரும்புத் துண்டையும் காய்ந்த ஆவாரங்குச்சியையும் வைத்து, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் அடைத்துச் சூடேற்றுவார்களாம். மூடிய மூசைக்குள் செடியும் இரும்பும் சேர்ந்து வேகிற இந்த வேலைக்கு நெருங்கிய ஒன்றைத்தான் இன்று ‘பயோமாஸ்’ என்று சொல்லிப் புதிதாக ஆராய்கிறார்கள்.

ஹீத்தின் ஆலையிலிருந்து இன்னொன்றும் கற்க வேண்டும். அது மரக்கரியை நம்பி நடந்த ஆலை. கரிக்காகக் காடு குறைந்தது, தூரத்திலிருந்து கரி வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது. ஆலை அரை நூற்றாண்டு நிலைக்கவில்லை. தாவரக் கார்பன் நல்லது என்று முடிவு செய்யும் முன், அந்தத் தாவரம் எங்கிருந்து வருகிறது, வெட்டியது மறுபடி வளருமா என்று கேட்டே ஆகவேண்டும். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இன்றும் தைலமரத் தோப்பு வளர்த்து அதன் கரியில் வார்ப்பிரும்பு எடுக்கிறார்கள். மறுநடவு நடந்தால் கணக்கு சரியாக வரும். இயற்கைக் காட்டில் கோடரி விழுந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

நமக்கு அந்தக் கவலை குறைவு. நம் மாவட்டத்தில் மல்லாட்டை விளைகிறது, பக்கத்து மாவட்டக் கடலோரம் சவுக்கு இருக்கிறது, சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவது பெரிய தொழில். ஏரிகளையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கும் அந்த மரத்தை அகற்றுவது அரசின் கொள்கையாகவே இருக்கிறது. உமியைக் கையில் எடுக்கும் முன் மட்டும் யோசியுங்கள். ஆரணி, செய்யாறு அரிசி ஆலைகளில் மலைமலையாகக் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் பாய்லர்களுக்கு அது ஏற்கனவே விலைபோகிறது. அதைவிடப் பெரிய குறை, உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. சிலிக்கா இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து ஃபயலைட் என்னும் கசடாகிவிடும். அதில் மாட்டிய இரும்பை மீட்பது கடினம். பழைய இரும்பு உருக்கிய மேடுகளில் கிடக்கும் சிட்டக்கற்கள் கனமாக இருப்பதற்குக் காரணமே இதுதான். அன்றைய உலை இரும்பில் பெரும்பகுதியைச் சிட்டத்துக்கே விட்டுக்கொடுத்தது. சிரட்டையில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. ஆகவே சிரட்டைக்கரியிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது மைக்ரோவேவ். சாதாரண உலையில் வெப்பம் சுவரிலிருந்து புறப்பட்டுப் பொடிக் குவியலுக்குள் ஊர்ந்து போகவேண்டும். பொடி வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். நடுவில் இருப்பது சூடாவதற்குள் நேரமும் எரிபொருளும் போய்விடும். மைக்ரோவேவோ குவியலுக்குள் புகுந்துவிடுகிறது. கரியும், செதிலில் உள்ள மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடும் அதை நன்றாக உறிஞ்சித் தாமே சூடாகின்றன. ஆக்சிஜனைப் பிடுங்கும் பொருளும் பறிகொடுக்கும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே சமயத்தில் காய்கின்றன. வீட்டு அடுப்பில் உள்ளது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை. தொழிற்சாலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் பயன்படுத்துகிறார்கள். அலை நீளம் கூடுதல் என்பதால் இன்னும் ஆழமாகப் போகும்.

உலோகத்தை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது, பொறி பறக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பாத்திரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் பொடியாக இருக்கும் உலோகம் அலையை உறிஞ்சிக் காயும் என்று 1999இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள் ரஸ்டம் ராய், தினேஷ் அகர்வால் குழுவினர். ராய் ராஞ்சியில் பிறந்தவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ரியோ டின்டோ என்ற பன்னாட்டுச் சுரங்க நிறுவனம், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஆஸ்திரேலியத் தாதுவையும் கோதுமை வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற பச்சைத் தாவரக் கழிவையும் கலந்து மைக்ரோவேவில் இரும்பாக்கிப் பார்த்தது. ‘பயோஅயர்ன்’ என்று அதற்குப் பெயர். மணிக்கு ஒரு டன் கொள்ளளவில் சோதனை ஆலை அமைக்க 21.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவிடுவதாக 2024இல் அறிவித்தது. ஹைட்ரஜனை நம்பும் முறைகளுக்கு வேண்டிய மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே போதும் என்பது அந்த நிறுவனம் சொன்ன கணக்கு.

இவ்வளவு சொன்ன பிறகு சிக்கல்களையும் சொல்லவேண்டும். உங்கள் மார்க் இருப்பதும் அங்கேதான். முதல் சிக்கல், வேலை நடக்க நடக்கப் பொருளின் குணமே மாறுகிறது. ஆரம்பத்தில் ஆக்சைடும் கரியும் அலையை விழுங்கும். பாதி வழியில் இரும்புத் துகள்கள் தோன்றி ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியதும் அலை திரும்பி அடிக்கும், பொறி பறக்கும், ஒரு இடம் வெந்து உருக, பக்கத்து இடம் பச்சையாகவே இருக்கும். இரண்டாவது, பாஸ்பரஸ். ஆக்சிஜன் ஊதிய உலையின் கசடு, எஃகிலிருந்து பாஸ்பரஸை வெளியே எடுப்பதற்காகவே சுண்ணாம்பு போட்டு உண்டாக்கியது. அதைக் கரியோடு சூடேற்றினால், பாடுபட்டு விரட்டிய பாஸ்பரஸ் மறுபடி இரும்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கசடுக்குச் சாலை நல்ல இடம். குஜராத்தின் ஹசிராவில் கசடைக் கொண்டே ஆறுவழிச் சாலை போட்டு 2022இல் திறந்திருக்கிறார்கள். மூன்றாவது, துத்தநாகம். மின்வில் உலைத் தூசைக் கரியோடு சூடேற்றினால் துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். குளிர்வித்துப் பிடிக்க வசதி இருந்தால் அது வரவு; இல்லையென்றால் ஈயத்தோடு சேர்ந்து மூச்சில் ஏறும் விஷம். கல்லூரி மாணவர்கள் அந்தத் தூசைத் தொடவே கூடாது.

ஆகவே என் முடிவு இதுதான். கசடை விடுங்கள், புகைக்கூண்டுத் தூசை விடுங்கள். செதிலை எடுங்கள். அதில் பாஸ்பரஸ் தொல்லை கிடையாது, துத்தநாகம் கிடையாது, மண் கலப்பு மிகக் குறைவு. பெரிய ஆலைக்கு இந்த முறை இன்று தேவைப்படாது; அவர்களிடம் சொந்த உலை இருக்கிறது. கழிவு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில்தான் சிறிய மைக்ரோவேவ் உலைக்கு வேலை இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். செதில் முழுக்க வுஸ்டைட் (FeO) என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் இரும்பு எடுக்கச் சுமார் 215 கிலோ கார்பன் வேண்டும். வேதிவினைக்கு மட்டும் தேவைப்படும் வெப்பம் மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 780 யூனிட். ஹேமடைட் (Fe₂O₃) தாது என்றால் இது 1,200 யூனிட்டைத் தாண்டும். இதனால்தான் செதில் சிறந்தது என்கிறேன். ஹேமடைட்டைவிட அதில் பிடுங்க வேண்டிய ஆக்சிஜன் குறைவு. இதற்கு மேல் கலவையை ஆயிரம் டிகிரிக்கு ஏற்றும் வெப்பம், சுவர் வழியே போகும் வெப்பம், மின்சாரம் அலையாக மாறும்போது ஏற்படும் நட்டம் எல்லாம் சேரும். நடைமுறையில் 2,000 யூனிட்டுக்குக் குறையாது என்று வைத்து, யூனிட் 7 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள்: டன்னுக்கு 14,000 ரூபாய் மின்சாரத்துக்கே போகிறது. இதோடு செதில் விலை, கரி விலை, கூலி. கூட்டி வருவதை ஸ்பாஞ்சு இரும்பின் அன்றைய சந்தை விலைக்கு எதிரே எழுதிப் பாருங்கள். கட்டுபடியானால் நல்லது. கட்டுபடியாகாவிட்டால் எந்த இடத்தில் இடிக்கிறது என்று தெரியும். உங்கள் அறிக்கையின் மிக மதிப்புள்ள பக்கம் அந்தக் கணக்கு இருக்கும் பக்கம்தான்.

இதை எப்படிச் செய்வது? முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றி இதில் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்தேக்கி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைக் குடிக்கும். வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; பூட்டிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும். புகைபோக்கிக் கூண்டு, வாயு எச்சரிக்கைக் கருவி, கூடவே ஒரு ஆசிரியர் ஆகிய மூன்றும் இல்லாமல் அடுப்பு மூட்ட வேண்டாம்.

பல கல்லூரிகளில் மஃபிள் உலை இருக்கிறது. முதல் சுற்று அதில் செய்யுங்கள். செதிலைச் சோடா கரைசலில் கழுவி எண்ணெய் போக்குங்கள். காயவைத்துப் பொடியாக்கிச் சலியுங்கள். சிரட்டைக்கரித் தூளை வெவ்வேறு அளவில் கலந்து, கொஞ்சம் கஞ்சி சேர்த்து உருண்டையாக்குங்கள். மூடியுள்ள அலுமினா மூசையில் வைத்து 900, 1000, 1100 டிகிரியில் சூடேற்றுங்கள். மூடியைத் திறக்காமல் ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் புது இரும்பு காற்றைக் குடித்து மறுபடி ஆக்சைடாகிவிடும். ஆறியதும் இடித்து, காந்தத்தால் பிரியுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: செதிலே காந்தத்தில் ஒட்டும் பொருள். காந்தம் இழுத்ததெல்லாம் இரும்பு என்று எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். மொத்த இரும்பையும் உலோக இரும்பையும் தனித்தனியே டைக்ரோமேட் டைட்ரேஷனில் அளக்க வேண்டும். நூறு பங்கு இரும்பில் எத்தனை பங்கு உலோகமாகியிருக்கிறது என்ற ஒரே எண்தான் உங்கள் வெற்றியைச் சொல்லும்.

இரண்டாவது சுற்றில் அதே உருண்டைகளை மைக்ரோவேவ் உலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஆய்வகத் தரமுள்ள உலை உங்கள் கல்லூரியில் இருக்காது. தரமணியில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் உலோகவியல் துறை இருக்கிறது. வெறுங்கையோடு போய் ‘ப்ராஜெக்ட் வேண்டும் சார்’ என்று நின்றால் கதவு திறக்காது. மஃபிள் உலையில் எடுத்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

குழுவை ஒரே துறையில் அமைக்காதீர்கள். டைட்ரேஷனுக்குக் கெமிக்கல் பிள்ளை வேண்டும். உலைக்கும் இடிப்பதற்கும் மெக்கானிக்கல். அலை எங்கே குவிகிறது, எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட எலெக்ட்ரானிக்ஸ் தங்கை ஒருவர் இருந்தால்தான் முடியும். வேவ்கைடு பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தவருக்கு அது உயிர் பெறும் இடம் இது. பல துறைக் குழுவுக்கு உங்கள் கல்லூரி விதி இடம் தரவில்லை என்றால் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தொழிலாக்கும் நாள் வந்தால் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய் கலந்த சேறு போன்றவற்றை 2016ஆம் ஆண்டின் தீங்கான கழிவு விதிகளைப் பார்க்காமல் எடுத்து வரக்கூடாது. தீங்கான கழிவை மூலப்பொருளாகப் பயன்படுத்துவதற்கு அந்த விதிகளில் தனிப் பிரிவே உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் நகரமுடியாது. சோதனைக்கு எடுக்கும் ஒரு கிலோவுக்கும் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை இப்போது ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், காலம் மாறிவிட்டது. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலகச் சராசரியைவிட இது அதிகம். ஐரோப்பாவுக்குள் வரும் எஃகின் மேல் கார்பன் கணக்கு கேட்கும் விதி 2023 அக்டோபரில் தொடங்கியது. 2026 ஜனவரியிலிருந்து இறக்குமதியாகும் எஃகுக்குக் காசும் கட்ட வேண்டும். எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் ‘பசுமை எஃகு’ எது என்று வரையறை வெளியிட்டது: டன்னுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயர். உலைகளில் தாவரக் கரியைச் சேர்ப்பதும் அமைச்சகம் அமைத்த பணிக்குழுக்களின் பட்டியலில் இருக்கிறது. நாளைக்கு ஒரகடத்துத் தொழிற்சாலைகள் தங்கள் கழிவுக்கும் கார்பனுக்கும் கணக்குக் காட்ட ஆள் தேடும்போது, அளந்து பழகிய கை அந்த ஊர்ப் பக்கத்திலேயே இருக்க வேண்டாமா?

உங்கள் அப்பாவும் அம்மாவும் தறியில் இருந்தபடி உங்களைப் படிக்கவைத்தார்கள். கூலி நெசவுக்குத் தரும் ஜரிகையைக் கட்டையோடு எடை போட்டு வாங்கி, புடவை முடிந்ததும் மிச்சத்தை எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கும் வீடுகள் நம்முடையவை. கிராம் கணக்குப் பிசகாத வீட்டில் வளர்ந்த உங்களுக்கு டன் கணக்கில் கிடக்கும் இரும்பு குப்பையாகத் தெரியக்கூடாது.

தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து ஃபோர்ஜிங் பட்டறைக்குப் போய் முறையாகக் கேட்டு ஒரு கிலோ செதில் வாங்குங்கள். அதில் எத்தனை சதவீதம் இரும்பு என்று நீங்களே அளந்து நோட்டில் எழுதுங்கள். கடையில் வாங்கும் எந்த மாடலும் அந்த எண்ணை உங்களுக்குத் தராது. அதோடு உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் போய் நில்லுங்கள். மீதி வேலை அங்கிருந்து நடக்கும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
ஓய்வுபெற்ற வார்ப்பாலைத் தொழிலாளி,
சின்ன காஞ்சிபுரம்.